தங்கையை நர்சிங் கல்லூரியில் சேர்க்கும் முன்: அங்கீகாரத்தை எங்கே, எப்படிச் சரிபார்ப்பது?

கேள்வி: என் தங்கை பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பி.எஸ்சி. நர்சிங் படிக்க ஆசைப்படுகிறாள். எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் ஒரு தனியார் கல்லூரி இருக்கிறது. அதன் விளம்பரத் தாளில் ‘அரசு அங்கீகாரம் பெற்றது, ஐ.எஸ்.ஓ. தரச்சான்று பெற்றது, நூறு சதவீதம் வெளிநாட்டு வேலை’ என்று போட்டிருக்கிறார்கள். இந்த வாரத்துக்குள் முன்பணமும் அசல் சான்றிதழ்களும் கொடுத்தால் இடம் உறுதி என்கிறார் ஏஜென்ட். அப்பா இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் நான்தான் கட்டணம் கட்ட வேண்டும். இந்த அங்கீகாரம் உண்மைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்:

தம்பி, முதலில் முன்பணத்தை நிறுத்திவையுங்கள். அசல் மதிப்பெண் சான்றிதழும் மாற்றுச் சான்றிதழும் உங்கள் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கட்டும். அவை கல்லூரி அலுவலகத்துக்குப் போய்விட்டால், பிறகு எவ்வளவு பெரிய குறை தெரியவந்தாலும் வெளியே வருவது கடினம். மாணவியின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு சொல்லியிருக்கிறது. ஆனாலும் நம் மாநிலத்தில் அவற்றைத் திரும்ப வாங்க எத்தனை பெற்றோர் அலைகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். நான் நர்சிங் கல்லூரிகளில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவள். ‘இரண்டு நாள் பொறுத்து விசாரித்திருக்கலாமே’ என்று கண் கலங்கிய அப்பா, அண்ணன்களை நிறையப் பார்த்துவிட்டேன். உங்களுக்கு அந்த நிலை வரக் கூடாது.

‘அரசு அங்கீகாரம் பெற்றது’ என்ற வரியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எந்த அரசு, எந்த அமைப்பு, எந்தப் படிப்புக்கு, எந்த ஆண்டுக்கு, எத்தனை இடங்களுக்கு என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் ஒரு தனியார் கல்லூரி பி.எஸ்சி. நர்சிங் நடத்த நான்கு இடங்களில் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். தொடங்குவதற்குத் தமிழ்நாடு அரசின் அரசாணை. பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்தின் இணைப்பு. தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலின் அங்கீகாரம். இந்திய நர்சிங் கவுன்சிலின் ஏற்பு. இவற்றில் ஒன்றைக் காட்டிவிட்டு நான்கும் இருப்பதுபோலப் பேசுவது பலருக்குப் பழகிப்போன வேலை. அரசாணை பழையதாக இருக்கும், இணைப்பு இந்த ஆண்டு புதுப்பிக்கப்படாமல் இருக்கும். அல்லது ஜி.என்.எம். என்ற மூன்று ஆண்டு நர்சிங் டிப்ளமோவுக்கு வாங்கிய அங்கீகாரத்தைக் கண்ணாடி பிரேம் போட்டு மாட்டிவைத்து, அதே கட்டடத்தில் பி.எஸ்சி.க்கு ஆள் சேர்ப்பார்கள்.

பல்கலைக்கழகத்திலிருந்து தொடங்குங்கள், அதுதான் சுலபம். தமிழ்நாட்டில் பெரும்பாலான பி.எஸ்சி. நர்சிங் கல்லூரிகள் சென்னை கிண்டியில் உள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. இணைப்புப் பெற்ற நர்சிங் கல்லூரிகளின் பெயர்கள் அதன் இணையதளத்தில் இருக்கின்றன. விளம்பரத் தாளில் உள்ள பெயரும் அங்கே உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா, ஊர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே அறக்கட்டளை இரண்டு ஊர்களில் இரண்டு நிறுவனங்கள் நடத்தும்போது, அங்கீகாரம் ஒன்றுக்கு மட்டும் இருக்கக்கூடும். ஸ்ரீ ராமச்சந்திரா, சவீதா, எஸ்.ஆர்.எம். போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தங்கள் பட்டத்தைத் தாங்களே வழங்குகின்றன. அங்கே எம்.ஜி.ஆர். பல்கலைக்கழக இணைப்பைத் தேடக் கூடாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் நிகர்நிலைப் பட்டியலையும் நர்சிங் கவுன்சில்களின் பட்டியலையும் பார்த்தால் போதும்.

அடுத்து மாநில கவுன்சில். இது 1926ஆம் ஆண்டின் மெட்ராஸ் செவிலியர், தாதியர் சட்டத்தின் வழி வந்த அமைப்பு. இந்திய நர்சிங் கவுன்சிலுக்கே சட்டம் வந்தது 1947இல்தான். உங்கள் தங்கையின் வாழ்க்கையை நேரடியாகத் தொடுவது இந்த மாநில கவுன்சில்தான். நான்கு ஆண்டு படித்துப் பட்டம் வாங்கினால் மட்டும் அவர் செவிலியர் ஆகிவிட மாட்டார். கவுன்சிலில் பதிவு செய்து, பதிவுபெற்ற செவிலியர், பதிவுபெற்ற தாதி என்ற எண்ணை வாங்கிய பிறகுதான் சட்டப்படி வேலை பார்க்க முடியும். அரசு மருத்துவமனைகளுக்கு ஆள் எடுக்கும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமும் இந்தப் பதிவைக் கேட்கிறது. எய்ம்ஸ் மருத்துவமனைகள் நடத்தும் நர்சிங் ஆபீசர் தேர்வுக்கும் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் படித்திருக்க வேண்டும், கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். கல்லூரிக்கு அங்கீகாரம் இல்லையென்றால் பதிவு கிடைக்காது. பதிவு இல்லாவிட்டால் அந்த நான்கு ஆண்டுப் படிப்பைக் கொண்டு எந்த வாசலுக்கும் போக முடியாது.

இந்திய நர்சிங் கவுன்சிலின் இணையதளத்தில் மாநிலவாரியாக, படிப்புவாரியாக, கல்வியாண்டுவாரியாகப் பட்டியல்கள் இருக்கின்றன. துணைச் செவிலியருக்கான ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்சி., ஏற்கெனவே பதிவுபெற்ற செவிலியர்களுக்கான போஸ்ட் பேசிக் பி.எஸ்சி., எம்.எஸ்சி. ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டியல். பலர் கல்லூரிப் பெயரைக் கண்டதும் நிம்மதியாகிவிடுகிறார்கள். எந்தப் படிப்பின் பட்டியல், எந்த ஆண்டு, எத்தனை இடங்கள் என்று மூன்றையும் பாருங்கள். 60 இடங்களுக்கு அனுமதி வாங்கிவிட்டு 60க்கு மேல் சேர்த்தால், மிஞ்சிய பிள்ளைகள் பல்கலைக்கழகத்தின் கணக்கில் வரமாட்டார்கள். சேர்க்கை நேரத்தில் அவர்களுக்கு இது தெரியவே தெரியாது. ஆகவே கல்லூரியிடம் நேராகக் கேளுங்கள்: ‘இந்த ஆண்டு உங்களுக்கு அனுமதி எத்தனை இடங்கள்? இதுவரை எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள்?’ நேர்மையான கல்லூரி இதற்குக் கோபப்படாது.

1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக, தேசிய செவிலியர் மற்றும் தாதியர் ஆணையத்தை அமைப்பதற்கான சட்டம் 2023இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதனால் நீங்கள் பார்க்கும் ஆவணத்தில் கவுன்சிலுக்குப் பதில் ஆணையம் என்று இருக்கலாம். உங்கள் கேள்விகள் அதனால் மாறப்போவதில்லை.

இணையத்தில் பார்த்ததோடு நிறுத்தாதீர்கள். மாநில கவுன்சிலுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு போடலாம். ‘இன்ன கல்லூரிக்கு, இன்ன கல்வியாண்டில், பி.எஸ்சி. நர்சிங் படிப்புக்கு அங்கீகாரம் உண்டா? எத்தனை இடங்களுக்கு?’ என்று இரண்டே வரியில் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். சேர்க்கைக்கு அவ்வளவு அவகாசம் இல்லையென்றால் ஒரு நாள் விடுப்பு எடுத்துச் சென்னைக்குப் போய் கவுன்சில் அலுவலகத்தில் நேரில் விசாரியுங்கள். நான்கு ஆண்டுக்கு நீங்கள் கட்டப்போகும் தொகையோடு பார்த்தால் பஸ் கட்டணமும் ஒரு நாள் சம்பளமும் பெரிதல்ல.

இன்னொரு வழியும் இருக்கிறது. கல்விக் கடன் வாங்கப் போகிறீர்களோ இல்லையோ, உங்கள் வங்கிக் கிளையில் போய் இந்தக் கல்லூரிக்குக் கடன் தருவீர்களா என்று கேளுங்கள். நர்சிங் படிப்புக்குக் கடன் கொடுக்கும்போது நர்சிங் கவுன்சில் அல்லது உரிய ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதல் இருக்கிறதா என்று வங்கிகள் பார்க்கின்றன. தன் பணம் சிக்கிக்கொள்ளக் கூடாது என்ற அக்கறையில் அந்த மேலாளர் பார்க்கும் பார்வை உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும். அவர் தயங்கினால் ஏன் தயங்குகிறார் என்று விடாமல் கேளுங்கள்.

அரசு ஒதுக்கீட்டுக் கலந்தாய்வையும் மறந்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரிகளின் இடங்களையும், தனியார் கல்லூரிகளில் உள்ள அரசு ஒதுக்கீட்டு இடங்களையும் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக்குழு பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் நிரப்புகிறது. கலந்தாய்வில் இடம்பெறும் கல்லூரிகளின் பட்டியலை வெளியிடுகிறார்கள். நீங்கள் சொல்லும் கல்லூரி அதில் இருந்தால் அது ஒரு நல்ல அடையாளம். அதைவிட முக்கியமாக, உங்கள் தங்கை அந்தக் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்தாரா? இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்து, அறிவியல் பாடங்களில் 45 சதவீதம் இருந்தால் பி.எஸ்சி.க்குத் தகுதி உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 40 சதவீதம். ஏஜென்ட்கள் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள், ஏனென்றால் அதில் அவர்களுக்குக் கமிஷன் இல்லை. அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் உங்கள் தலையில் இருக்கும் பாரத்தில் பெரும்பகுதி இறங்கிவிடும்.

இதுபோன்ற விளம்பரங்களில் வரும் மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐ.எஸ்.ஓ. என்பது நிர்வாக நடைமுறைக்கான சான்று. நர்சிங் படிப்பு நடத்தும் உரிமைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிடும் நாக் அமைப்பின் மதிப்பீடு நல்லதுதான், கல்லூரியின் தரத்தைப் பற்றி ஏதோ சொல்கிறது, ஆனால் அது கவுன்சில் அங்கீகாரத்தின் இடத்தை நிரப்பாது. என்.ஏ.பி.எச். என்பது மருத்துவமனைக்குத் தரப்படுவது. பி.எஸ்சி. நர்சிங்கைத் தொலைநிலைக் கல்வியில் முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே பதிவுபெற்ற செவிலியர்களுக்காக இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நடத்திய போஸ்ட் பேசிக் படிப்பு வேறு சங்கதி, பிளஸ் டூ முடித்த பெண்ணுக்கு அது பொருந்தாது.

ஆறு மாத, ஓராண்டு ‘நர்சிங் அசிஸ்டென்ட்’ சான்றிதழ்களைப் பற்றித்தான் எனக்கு அதிக வேதனை. சின்ன ஊர்களில் கடைமாடியில் இரண்டு அறை எடுத்து, பிள்ளைகளுக்கு வெள்ளைச் சீருடை தைத்துக் கொடுத்து, செவிலியர் ஆகலாம் என்று சொல்லிச் சேர்க்கிறார்கள். நோயாளிக்கு உதவியாளராக இருப்பது மதிப்பான வேலை. அதற்கென்று முறையான திறன் பயிற்சியும் உண்டு. ஆனால் அந்தச் சான்றிதழை வைத்து எந்தக் கவுன்சிலிலும் செவிலியராகப் பதிவு செய்ய முடியாது. இதைச் சொல்லாமல் சேர்ப்பது ஏழை வீட்டுப் பெண்களுக்குச் செய்யும் துரோகம். செவிலியராகப் பதிவு தரும் அடிப்படைப் படிப்புகள் நான்கு ஆண்டு பி.எஸ்சி.யும் மூன்று ஆண்டு ஜி.என்.எம்.மும்தான். இரண்டு ஆண்டு ஏ.என்.எம். துணைச் செவிலியருக்கானது, அதற்குத் தனிப் பதிவு.

இனி ஆவணங்களில் தெரியாத ஒன்று. எல்லாச் சான்றுகளும் சரியாக இருந்தும் கல்லூரி வெறும் கூடாக இருக்கலாம். மத்தியப் பிரதேசத்தில் நடந்ததைப் பாருங்கள். அங்கே நர்சிங் கல்லூரிகள் முறைகேடாக அங்கீகாரம் பெற்றதாக வழக்கு வந்து, உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. 300க்கும் மேற்பட்ட கல்லூரிகளை ஆராய்ந்ததில், 60க்கும் மேற்பட்டவை நடத்தவே தகுதியற்றவை என்று தெரிந்தது. 2024 மே மாதத்தில், சாதகமான அறிக்கை தருவதற்கு லஞ்சம் வாங்கினார்கள் என்று ஆய்வுக்குப் போன சி.பி.ஐ. அதிகாரிகள் சிலரே கைதானார்கள். பட்டியலில் பெயர் இருப்பது அவசியம், ஆனால் அதோடு உங்கள் விசாரணை முடிந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஆகவே கல்லூரிக்கு நேரில் போங்கள், தங்கையையும் அழைத்துக்கொண்டு. கணினி அறை, கருத்தரங்கக் கூடம், பஸ்கள் எல்லாம் காட்டுவார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது மருத்துவமனையை. பி.எஸ்சி. நர்சிங் நடத்தும் கல்லூரிக்குத் தாய் மருத்துவமனை ஒன்று இருக்க வேண்டும், அதில் குறைந்தது 100 படுக்கைகள் வேண்டும் என்பது கவுன்சிலின் விதி. மருத்துவமனைப் பயிற்சியில் ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகள் என்பது கணக்கு, பத்து மாணவிகளுக்கு ஓர் ஆசிரியர். இந்த மூன்று எண்களையும் மனதில் வைத்துக்கொண்டு, முற்பகல் நேரத்தில் வார்டு பக்கம் நடந்து பாருங்கள். படுக்கைகளில் நோயாளிகள் இருக்கிறார்களா? விரிப்பு மடிப்புக் கலையாமல் வரிசையாகக் காலியாகக் கிடக்கிறதா? வார்டில் மாணவிகளோடு ஆசிரியர் யாராவது நிற்கிறாரா?

மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவிகளிடம், கல்லூரி ஆட்கள் பக்கத்தில் இல்லாதபோது தங்கையைப் பேசச் சொல்லுங்கள். பெண் பிள்ளைகள் ஒருவரோடொருவர் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். குழந்தைகள் பிரிவு போஸ்டிங் எங்கே நடந்தது? மனநலப் பிரிவுக்கு எங்கே அனுப்பினார்கள்? பிரசவ அறையில் நீங்களே கையால் பார்த்தீர்களா, ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தீர்களா? பதிவேட்டில் எழுதிய பிரசவங்கள் உண்மையில் பார்த்தவையா, முந்தைய பேட்ச் அக்காவின் நோட்டைப் பார்த்து எழுதியவையா? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை எந்த ஆய்வுக் குழுவின் அறிக்கையையும்விட நான் நம்புவேன். புதிய பாடத்திட்டத்தில் படிப்பு எட்டு செமஸ்டர், கடைசி செமஸ்டர் இன்டர்ன்ஷிப். மருத்துவமனைப் பயிற்சியில் நூறு சதவீத வருகை இல்லாமல் பட்டம் தரக் கூடாது என்பது விதி. தாய் மருத்துவமனையில் நோயாளிகளே இல்லையென்றால், அந்த வருகைப் பதிவெல்லாம் காகிதத்தில் மட்டுமே நடந்தது என்று பொருள்.

சில பயிற்சிகளுக்கு மாவட்ட அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அனுப்புவது முறையானதுதான், அதில் குறை காண வேண்டாம். அங்கே அனுப்ப எழுத்துப்பூர்வ அனுமதி இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

ஆசிரியர்களைப் பற்றியும் விசாரியுங்கள். கதவில் பெயர்ப் பலகை இருக்கும் ஆசிரியர் வகுப்புக்கு வருகிறாரா? ஆய்வு நாளன்று மட்டும் வந்துவிட்டுப் போகும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மத்தியப் பிரதேச வழக்கில் ஒரே ஆசிரியரின் பெயர் பல கல்லூரிகளின் பட்டியலில் இருந்ததும் வெளிவந்தது. பதிவு எண் கொடுத்து நாடு முழுவதும் செவிலியர்களைக் கணக்கில் கொண்டுவரும் மின்னணுப் பதிவேட்டை இந்திய நர்சிங் கவுன்சில் ஏற்படுத்தியதற்கு இப்படிப்பட்ட ஏமாற்றுகளும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

வெளிநாட்டு வேலை என்று போட்டிருப்பதைப் பற்றி. எந்தக் கல்லூரியாலும் அதை உறுதிசெய்ய முடியாது. வளைகுடா நாடுகளுக்குப் போகும்போது டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் பட்டத்தையும் பதிவையும் நேராகக் கல்லூரி, பல்கலைக்கழகம், கவுன்சில் மூன்றிடமும் கேட்டுச் சரிபார்க்கும். அமெரிக்காவுக்குப் போக, வெளிநாட்டில் படித்த செவிலியரின் தகுதியைச் சரிபார்க்கும் ட்ரூமெரிட் (முன்பு சி.ஜி.எஃப்.என்.எஸ்.) அமைப்பு ஒவ்வொரு பாடத்திலும் எத்தனை மணி நேரம் வகுப்பு, எத்தனை மணி நேரம் மருத்துவமனைப் பயிற்சி என்று கல்லூரியிடமிருந்தே நேரடியாக வாங்கும். பத்து ஆண்டு கழித்து உங்கள் தங்கை ரியாத்துக்கோ லண்டனுக்கோ விண்ணப்பிக்கும்போது, அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத அலுவலகமும் பதிவேடும் இருக்க வேண்டும். முன்னாள் மாணவிகள் யாராவது வெளிநாட்டில் இருந்தால், சான்று அனுப்பக் கல்லூரி எத்தனை மாதம் இழுத்தது என்று அவர்களைக் கேட்டுவிடுங்கள். ஜெர்மனி போன்ற நாடுகளுக்குத் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனமே செவிலியர்களை அனுப்புகிறது. அதற்கு ஏஜென்ட் தேவையில்லை.

பெங்களூருக்கு அனுப்பலாம் என்று அதே ஏஜென்ட் அடுத்ததாகச் சொல்லக்கூடும். அங்கே நல்ல கல்லூரிகள் நிறைய இருக்கின்றன. ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழக இணைப்பையும் கர்நாடக மாநில நர்சிங் கவுன்சில் அங்கீகாரத்தையும் இதேபோலச் சரிபாருங்கள். 2017இல் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் அதிகாரம் யாருக்கு என்ற வழக்கில் வந்த தீர்ப்புக்குப் பிறகு, அந்த மாநிலக் கல்லூரிகளின் இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் பற்றிப் பெருங்குழப்பம் எழுந்தது. கேரளத்திலிருந்து அங்கே பிள்ளைகளை அனுப்பியிருந்த குடும்பங்கள் கடனுக்கும் பதிவுக்கும் என்ன ஆகுமோ என்று தவித்தன. ஆகவே வெளிமாநிலம் என்றால் கூடுதலாக ஒன்று: அங்கே படித்து முடித்தால் இங்கே பதிவை மாற்றிக்கொள்ள முடியுமா என்று தமிழ்நாடு கவுன்சிலில் முன்னதாகவே கேட்டு, முடிந்தால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியாக இருந்து சேர்ப்பதென்று முடிவானால், பணத்தைக் கல்லூரியின் வங்கிக் கணக்கில் மட்டும் கட்டுங்கள். ஏஜென்ட் கையில் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். நான்கு ஆண்டுக்கான கட்டணம், விடுதி, சீருடை, தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து எழுத்தில் கேளுங்கள். சரிபார்ப்புக்கு அசல் சான்றிதழ் காட்ட வேண்டியிருந்தால் காட்டிவிட்டு உடனே வாங்கிக்கொள்ளுங்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் என்னென்ன கொடுத்தீர்கள் என்று பட்டியலிட்டு, முத்திரையுடன் ஒப்புகைச் சீட்டு பெறுங்கள். சேர்ந்த பிறகு முதல் ஆண்டிலேயே பல்கலைக்கழகப் பதிவு எண் வந்ததா என்று தங்கையிடம் கேட்டுக்கொண்டே இருங்கள். முதல் பல்கலைக்கழகத் தேர்வு நெருங்கியும் எண் வரவில்லையென்றால், கல்லூரி முதல்வர் சொல்லும் சமாதானத்தைக் கேட்டுக்கொண்டிருக்காமல் கிண்டியில் உள்ள பல்கலைக்கழகத்துக்கே நேராகப் போய் விசாரியுங்கள்.